ஐயம் யார் மீது விழுகிறது? கஸ்டாவோ ஃப்ரிங்கின் நற்பெயரும் அதன் விலையும்

2008 முதல் 2013 வரை ஒளிபரப்பான ‘பிரேக்கிங் பேட்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் கஸ்டாவோ ஃப்ரிங் என்றொரு பாத்திரம் வருகிறது. நியூ மெக்சிகோ மாநிலத்தின் அல்புகெர்க்கி நகரில் வறுத்த கோழி உணவகங்களை நடத்தும் முதலாளி அவர். கடையில் தாமே நின்று வாடிக்கையாளரைப் பணிவுடன் உபசரிப்பவர். அதே மனிதர்தாம் மெத்தாம்பெட்டமைன் என்னும் போதைப்பொருளின் பெருவணிகத்தையும் மறைவில் நடத்துகிறார். இந்த இரட்டை வாழ்வை அவருடைய நடிப்புத் திறன் என்று வியப்போர் பலர். அவருடைய நற்பெயரைத் தாங்கி நின்றவை எவை, அதற்கான விலையைச் செலுத்தியவர்கள் யார் என்பதையே நாம் இங்கு ஆராய்கிறோம்.

முதல் தூண், அதிகாரத்தோடு கொண்ட நெருக்கம். போதைப்பொருள் தடுப்பு முகமை நடத்தும் ஓட்ட நிகழ்ச்சிக்கு ஃப்ரிங் நிதி அளிக்கிறார். அம்முகமையின் அதிகாரி ஹாங்க் சுடப்பட்டு மருத்துவமனையில் கிடக்கும்போது, காத்திருக்கும் காவலர்களுக்குக் கோழி உணவு கொண்டுவருகிறார். கொலையாளிகளை ஹாங்க் பக்கம் திருப்பிவிட்டவரும் அவரே என்பது அங்கிருந்த எந்தக் காவலருக்கும் தெரியாது.

இரண்டாவது தூண், கொடை. பல்கலைக்கழக மாணவர்களுக்கு வேதியியல் உதவித்தொகை வழங்குகிறார் ஃப்ரிங். அதைப் பெற்றவர்களுள் ஒருவரான கேல், பின்னர் அவருடைய மெத் தயாரிப்பாளராகிறார். கேல் கொலையுண்ட வீட்டில் ஃப்ரிங்கின் கைரேகை கிடைக்கிறது. பழைய மாணவரின் அழைப்பை ஏற்று விருந்துக்குச் சென்றதாக அவர் விளக்கமளிக்கிறார். அதிகாரிகள் நிறைவடைகிறார்கள், ஹாங்க் ஒருவர் மட்டுமே ஐயம் நீங்காமல் இருக்கிறார். கொடையாளி என்ற பெயரே அங்கு சாட்சியமாக ஏற்கப்படுகிறது.

இதே தொடரின் முதல் பருவத்தில் வரும் ஹியூகோ என்னும் துப்புரவுத் தொழிலாளியை இவரோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பள்ளியின் வேதியியல் ஆய்வகக் கருவிகள் களவுபோகின்றன. அவற்றை எடுத்தவர் ஆசிரியர் வால்டர் வைட். ஆயினும் கைது செய்யப்படுபவர் ஹியூகோ. சிறிதளவு கஞ்சா வைத்திருந்ததும் பழைய வழக்குப் பதிவும் அதற்குப் போதுமான காரணங்களாகின்றன. அவருடைய வேலையும் பறிபோகிறது. ஆசிரியரை ஒருவரும் ஐயுறவில்லை. துடைப்பம் பிடித்தவரிடம் உடனே சென்று சேரும் ஐயம், நிதி கொடுத்தவரின் வாசலை அடையப் பல ஆண்டுகள் ஆகின்றன.

ஃப்ரிங்கின் ஆய்வகம் ஒரு சலவை ஆலையின் அடியில் இயங்குகிறது. அந்த ஆலையில் வேலை செய்யும் ஒண்டுராஸ் நாட்டுப் பெண்கள் மூவரை வால்டர் அழைத்துவந்து, சிறு தொகை கொடுத்து, ஆய்வகத்தைத் துப்புரவு செய்ய வைக்கிறார். அந்த ‘குற்றத்திற்காக’ அவர்கள் பேருந்தில் ஏற்றப்பட்டுத் தாய்நாட்டிற்கே திருப்பி அனுப்பப்படுகிறார்கள். அழைத்துவந்த வால்டரோ அதே இடத்தில் பணியைத் தொடர்கிறார். ஃப்ரிங்கின் தெருமுனை விற்பனையாளர்கள் டோமாஸ் என்ற 11 வயதுச் சிறுவனைக் கொலைக்குப் பயன்படுத்துகிறார்கள். இனிமேல் சிறுவர்களை ஈடுபடுத்தக் கூடாது என்று ஃப்ரிங் ஆணையிடுகிறார். அதற்குப் பின் அச்சிறுவனே சுட்டுக் கொல்லப்படுகிறான்.

ஃப்ரிங்கும் சிலி நாட்டிலிருந்து குடியேறிய கறுப்பர்தாமே என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒடுக்கப்படும் நிறத்தில் பிறந்தவரும் பணத்தாலும் பணிவாலும் மதிப்பை விலைக்கு வாங்க முடிந்தது என்பதையே அவர் காட்டுகிறார். அந்த விலையைக் கொடுக்க ஹியூகோவிடம் எதுவுமில்லை. ஒருவர் மேலேறியதால் ஐயத்தின் திசை மாறிவிடவில்லை.

இது கற்பனையோடு முடிந்துவிடுவதுமில்லை. 1986-இல் அமெரிக்கா இயற்றிய சட்டத்தின்படி, 5 கிராம் ‘கிராக்’ கொக்கெயினை விற்பனைக்காக வைத்திருந்தவருக்கும் 500 கிராம் கொக்கெயின் தூளை அவ்வாறு வைத்திருந்தவருக்கும் குறைந்தபட்சத் தண்டனை ஒன்றே: 5 ஆண்டுச் சிறை. கிராக் வழக்குகளில் தண்டிக்கப்பட்டோரில் பெரும்பான்மையினர் கறுப்பின மக்கள். 100-க்கு 1 என்ற அந்த விகிதம் 2010-இல்தான் 18-க்கு 1 எனக் குறைக்கப்பட்டது. இன்றுவரை முற்றாக நீக்கப்படவில்லை.

ஆகவே கண்ணியவான் ஒருவரை மதிப்பிட முற்படும்போது மேடையையும் நன்கொடைப் பட்டியலையும் மட்டும் பார்த்தல் போதாது. அவருடைய ஆலையில் உழைப்பவர்கள் யார், தவறு நேரும்போது வெளியேற்றப்படுபவர்கள் யார், காவல்துறை முதலில் யாருடைய கதவைத் தட்டுகிறது ஆகிய கேள்விகளை நாம் முதலில் எழுப்ப வேண்டும். ஹாங்க் ஃப்ரிங்கை ஐயுறத் தொடங்கியதும் இத்தகைய எளிய கேள்வியொன்றால்தான்: இறைச்சியே உண்ணாத கேலின் வீட்டில் கோழிக்கடையின் கைத்தாள் எப்படி வந்தது?