ஆள் ஏறும் பொறி

“பெரியப்பா, மெக்காவுக்குத் தமிழ்ல என்ன?” என்று கேட்டான் தம்பி மகன். கெடிலம் கடலைச் சேரும் தேவனாம்பட்டினம் மணலில் நடந்துகொண்டிருந்தோம். எதிரே ஒரு பொக்லைன் மணல் அள்ளிக்கொண்டிருந்தது.

எந்திரன் என்று சொன்னால் தவறாகும். எந்திரன் தானாக இயங்குவான். மெக்காவுக்குள் ஆள் உட்கார வேண்டும். ஜப்பானில் அந்தச் சொல் எல்லா இயந்திரத்துக்கும் பொது. மற்ற நாடுகளில்தான் ஆள் ஓட்டும் ராட்சத உருவத்தை மட்டும் குறிக்கிறது. 1956இல் வந்த ஜப்பானியப் படக்கதையின் ‘டெட்சுஜின் 28’ஐ ஒரு சிறுவன் தொலைவில் நின்றே இயக்குவான். 1972இல் கோ நாகாய் படைத்த ‘மாசிங்கர் இசட்’டில் ஓட்டுபவன் அதன் தலைக்குள்ளேயே போய் அமர்ந்தான். 1979இல் தொலைக்காட்சித் தொடரில் வந்த ‘கண்டம்’ 18 மீட்டர் உயரம்.

நம்மிடம் இது பழைய சங்கதி. சீவக சிந்தாமணியில் மன்னன் சச்சந்தன் மயிற்பொறி செய்வித்து, அதை ஓட்ட அரசி விசயைக்குப் பயிற்சியும் கொடுக்கிறான். பொறியை வலப்பக்கம் திருகினால் மேகத்தைப் பிளந்து பறக்கும். இடப்பக்கம் திருகினால் இறங்கிக் கால் மடக்கி அமரும். நிறைமாதக் கர்ப்பிணியான அரசி அதில் தனியாகத் தப்பிச் சுடுகாட்டில் இறங்குகிறாள். சீவகன் அங்கேதான் பிறக்கிறான். விமானி என்று நான் முதலில் வணங்குவது அவளைத்தான்.

உதயணன் கதையிலோ வீரர்கள் ஒளிந்திருக்கும் எந்திர யானை அவனைச் சிறைப்பிடிக்க வருகிறது. பொறி என்றால் இயந்திரம், கண்ணி இரண்டும்தானே! அந்தக் கதையைச் சொல்லும் பெருங்கதையை உ.வே.சா. 1924இல் பதிப்பித்தார்.

பொறிக்குப் புலனுறுப்பு என்றும் பொருள் உண்டு. அதன் அருமை எனக்கு ‘தானே’ புயலில் புரிந்தது. 2011 டிசம்பர் 30இல் கரை கடந்த புயல் எங்கள் தெரு வேப்பமரத்தைச் சாய்த்துவிட்டது. அதைத் தூக்க வந்த பொக்லைனில் இருந்த பையனுக்கு இருபது வயது இருக்கும். இரும்புக்கை மரத்தைப் பற்றியபோது அவன் தோள் இறுகியது, பல்லைக் கடித்துக்கொண்டான். அந்தக் கை அவன் கையாகவே ஆகியிருந்தது.

தம்பி மகனுக்கு ‘ஏறுபொறி’ என்று சொல்லிக் கொடுத்தேன். படக்கதை வரையும் பிள்ளைகளே, இந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் முதல் ஏறுபொறியில் விசயையை ஏற்றுங்கள்.