கல் வைத்த பழமும் காத்திருக்கும் பழமும்

காரைக்கால் அம்மையாரை முன்னிட்டு ஆனிப் பௌர்ணமியை ஒட்டி நடைபெறும் மாங்கனித் திருவிழாவில், பிச்சாடனர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை வாரி இறைப்பது காரைக்காலின் வழக்கம். அந்த நாளுக்கு முன்பே பழுத்துவிட்ட சரக்கு அழுகும். பிந்திப் பழுப்பதற்கு விலை இராது. நெல் வயல்கள் சூழ்ந்த சுரக்குடி போன்ற காரைக்கால் பகுதி ஊர்களுக்கு மாம்பழம் பெரும்பாலும் வெளிச் சந்தைகளிலிருந்தே வருவதால், பறிப்பதற்கும் உண்பதற்கும் இடைப்பட்ட நாட்களை வணிகர் எவ்வாறு கடத்துகிறார் என்பதைப் பொறுத்தே உண்பவரின் நலம் அமைகிறது.

மா, வாழை, பப்பாளி, சப்போட்டா ஆகியவை பறித்த பின்னும் பழுப்பவை. திராட்சை, மாதுளை, எலுமிச்சை ஆகியவை அவ்வாறு பழுக்காதவை. முதல் வகைக் கனிகள் தாமே வெளியிடும் எத்திலீன் என்ற வாயு மேலும் எத்திலீன் சுரக்கத் தூண்டுவதால், ஒரு கனி பழுத்ததும் கூடையிலுள்ள மற்றவையும் விரைந்து பழுக்கின்றன. எனவே பழுத்ததை உடனுக்குடன் பிரித்தெடுப்பதே செலவில்லாத முதல் தடுப்பு ஆகும். குளிர்ச்சியும் பழுப்பதைத் தாமதப்படுத்தும்; ஆயினும் மாங்காயை ஏறத்தாழ 12, 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே நெடுநாள் வைத்தால் தோலில் குழிகளும் கருமையும் தோன்றி, வெளியே எடுத்த பின்னும் அது சரிவரப் பழுக்காமல் போகும் என்பதால், ஐஸ் பெட்டியில் புதைத்து வைப்பதைச் சேமிப்பு என்று சொல்ல முடியாது. செங்கல்லும் ஈர மணலும் கொண்டு கட்டப்படும் மின்சாரமில்லாக் குளிர்அறை நீர் ஆவியாவதால் குளிர்வது. வறண்ட மேல்காற்று வீசும் பொழுதில் அது நன்கு உதவினாலும், ஈரமான கடற்காற்று புகுந்ததும் அதன் பயன் குறைந்துவிடும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்துடனும் இலங்கையின் ஓர் ஆய்வு நிறுவனத்துடனும் இணைந்து 2010-களில் மேற்கொண்ட ஆய்வு வேறொரு வழியைக் காட்டியது. புல் அறுக்கும்போது எழும் பச்சை வாசனையிலுள்ள ஹெக்சனால் என்ற சேர்மம், கனியின் செல் சவ்வைச் சிதைக்கும் ஒரு நொதியை மட்டுப்படுத்துவதால், அறுவடைக்கு முன் அதன் கரைசலைத் தெளித்த மாங்காய்களின் முதிர்வு தாமதமாகிறது. விளைந்த காய்கள் மரத்தில் காத்திருக்க முடிந்தால், இளங்காயை அவசரமாகப் பறித்து அனுப்ப வேண்டிய கட்டாயமும் தளரும்.

செயற்கையாகப் பழுக்க வைக்கும் கார்பைடு பயன்படுத்தப்படுவது பெரும்பாலும் இவ்வாறு இளங்காயாகப் பறித்த சரக்கில்தான். கால்சியம் கார்பைடு கட்டியைக் காகிதப் பொட்டலமாக மடித்துக் கூடையின் அடியில் செருகினால், காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அசெட்டிலீன் வாயு வெளிப்பட்டு, தோல் மஞ்சளாக மாறும். உள்ளே சதை புளிப்பும் கடினமுமாகவே இருக்கக்கூடும். மக்கள் வழக்கில் இதுவே ‘கல் வைத்த பழம்’. இக்கட்டியில் ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகியவற்றின் எச்சங்கள் கலந்திருப்பதால், உண்பவருக்கு வாந்தி, தலைச்சுற்றல், விழுங்குவதில் சிரமம் ஆகியவையும், கையாளும் தொழிலாளிக்குத் தோல் புண்ணும் நேரலாம். ஆகவே 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் இதை முற்றிலும் தடை செய்துள்ளன. அதற்கு மாற்றாக எத்திலீன் வாயு, பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு வரை, பழுக்க வைக்கும் அறைகளில் அனுமதிக்கப்படுகிறது. எனினும் எத்திபான் கரைசலில் பழத்தை முக்கி எடுப்பது அந்த அனுமதிக்குள் அடங்காது. சேமிப்புக் காலத்தை நீட்டப் பூசப்படும் மெழுகிலும் தேன்மெழுகு, கார்னாபா மெழுகு, அரக்கு ஆகியவற்றுக்கு மட்டுமே, அதுவும் லேபிளில் அறிவிப்புடன், இடமுண்டு.

தண்ணீரில் மிதக்கும் மாம்பழம் கல் வைத்தது என்று வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் சோதனையை நம்பி வழக்குத் தொடுக்க இயலாது. மிதப்பது காய் முற்றவில்லை என்பதையே பெரும்பாலும் காட்டும். உரிய ஆதாரம் பகுப்பாய்வு அறிக்கையே. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டத்தின் 40-ஆவது பிரிவின்படி, கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பழத்தைச் சோதிக்கக் கொடுக்கும் உரிமை, உணவு வணிகர் அல்லாத எந்த வாங்குபவருக்கும் உண்டு. பழம் சட்டத்திற்கு ஒவ்வாதது என்று அறிக்கை காட்டினால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் சோதனைக்கு அனுப்பப்போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் தெரிவித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பலர் அறியாததால், வீட்டுக்குப் போய் ஐயப்படுவோரின் கையில் இவ்வுரிமை பயனற்றுப் போகிறது. அத்தகையோர் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் அளித்தால், அவரே கடையில் மாதிரி எடுக்க அதிகாரம் பெற்றவர். தீங்கு நேராவிட்டாலும் பாதுகாப்பற்ற உணவை விற்பது தண்டனைக்குரியது; உயிரிழப்பு நேர்ந்தால் குறைந்தது 5 லட்சம் ரூபாய் இழப்பீட்டுக்கு 65-ஆவது பிரிவு வகை செய்கிறது.

நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் ஆகிய தமிழக மாவட்டங்கள் புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்காலைச் சூழ்ந்திருப்பதால், எங்கே புகார் செய்வது என்பதில் குழப்பம் எழுவது இயல்பே. சட்டம் நடுவணரசுடையது, அமலாக்கமோ அந்தந்த அரசுடையது. காரைக்கால் கடைக்குப் புதுச்சேரி அரசின் உணவுப் பாதுகாப்புத் துறையும், நாகப்பட்டினம் கடைக்குத் தமிழ்நாட்டு அலுவலரும் பொறுப்பாவர். நுகர்வோர் வழக்கில் இந்த எல்லை தடையாகாது: 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் இடத்திற்குரிய மாவட்ட ஆணையத்தையே நாடலாம் என்பதால், சுரக்குடியில் வசிப்பவர் தமிழகக் கடையில் வாங்கிய பழத்திற்காக அங்கே அலைய வேண்டியதில்லை. வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணம் இல்லை. வழி கேட்டறிய 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உள்ளது. ரசீது கேட்டு வாங்காத பழத்திற்கு, இன்ன கடையில் வாங்கியது என்று நிறுவுவதே முதல் சிக்கலாக இருக்கும்.