ஜாவா பெரணி: இரகம் அறிந்து வளர்ப்பீர்!

வண்ண மீன் வளர்ப்போர் பலரும் இப்போது மீன்தொட்டிச் செடிகளையும் உடன் வளர்த்து உபரி வருமானம் பெற முனைகின்றனர். சென்னை கொளத்தூர் போன்ற வண்ண மீன் சந்தைகளில் இச்செடிகளுக்கு நல்ல கிராக்கி உண்டு. புதிதாகத் தொடங்குவோருக்கு ஏற்றது ஜாவா பெரணி. குறைந்த வெளிச்சத்திலும் வளரும். இலை தடிப்பாக இருப்பதால் பெரும்பாலான மீன்கள் தின்பதில்லை. ஆனால் இரகங்களைக் கலந்து விற்றால் வியாபாரியின் நம்பிக்கை போய்விடும். ஆகவே இரகம் அறிதல் அவசியம்.

செடியின் இயல்பு

இதன் தாவரப் பெயர் தற்போது லெப்டோகைலஸ் டெரோபஸ். மைக்ரோசோரம் டெரோபஸ் என்ற பழைய பெயரே வணிகத்தில் வழங்கி வருகிறது. தென்கிழக்கு ஆசிய நாடுகளில் ஓடைக்கரைப் பாறைகளிலும் மரங்களிலும் பற்றி வளர்வது. இஞ்சியைப் போல் படுக்கையாக ஓடும் மட்டத்தண்டிலிருந்து இலைகள் கிளம்பும். இத்தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்டிவிட வேண்டும்.

நான்கு இரகங்கள்

1. சாதாரண இரகம்: இலை ஈட்டி வடிவில் அகலமாக இருக்கும். 15 முதல் 30 செ.மீ. உயரம் வளரும். முதிர்ந்த இலையின் அடியில் சில வேளை இருபுறமும் ஒவ்வொரு மடல் பிரியும்.

2. குறுகிய இலை இரகம்: உயரம் சாதாரண இரகத்தை ஒத்திருக்கும். ஆனால் இலை ஒடுங்கி, நாடா போல் நீண்டிருக்கும். இதனினும் மெலிந்து சிறுத்த வகையை 'ஊசி இலை' என்பர்.

3. டிரைடென்ட்: குறுகிய இலையின் பக்கங்களில் விரல்கள் போல் மடல்கள் பிரியும். சூலாயுதம் போன்ற தோற்றத்தால் இப்பெயர் பெற்றது.

4. விண்டெலோவ்: இலையின் நுனி மட்டும் பலவாகக் கிளைத்துச் சுருண்டு, குஞ்சம் கட்டியது போல் இருக்கும். டென்மார்க் நாட்டின் டிராபிகா செடிப்பண்ணையை நிறுவிய ஹோல்கர் விண்டெலோவ் பெயரால் வழங்குகிறது.

சுருங்கக் கூறின், பிரிவு நுனியில் இருந்தால் விண்டெலோவ். பக்கங்களில் பல இடங்களில் இருந்தால் டிரைடென்ட். அடியில் மட்டும் இருந்தால் பெரும்பாலும் சாதாரண இரகம்.

ஏமாற வேண்டாம்

இளம் இலைகளைக் கொண்டு இரகத்தை முடிவு செய்யக் கூடாது. டிரைடென்ட், விண்டெலோவ் கன்றுகளின் முதல் இலைகள் பிரிவின்றி இருக்கலாம். நீருக்கு வெளியே ஈரநிழலில் வளர்ந்த இலைக்கும் நீருக்குள் வளர்ந்த இலைக்கும் தோற்றத்தில் வேறுபாடு உண்டு. ஊட்டம் குறைந்த சாதாரணச் செடியும் சிறுத்த இலைகளை விடும். எனவே தாய்ச்செடி வாங்கும்போது முதிர்ந்த இலைகள் ஐந்தாறையாவது பார்க்க வேண்டும். வாங்கிய செடியைத் தனித்தொட்டியில் வைத்து, புதிய இலைகள் முதிர்ந்து இரகம் உறுதியான பின்னரே பெருக்க வேண்டும்.

புள்ளிகள் நோயா?

இலையின் அடிப்புறம் பழுப்பு நிறப் புள்ளிகள் தோன்றினால் துரு நோய் என அஞ்ச வேண்டாம். அவை பெரணிக்கு இயல்பான வித்துத்தூள் கூடுகளே. இலை உறுதியாகவும் பச்சையாகவும் இருந்தால் கவலையில்லை. மருந்து தெளித்துப் பணத்தை வீணாக்கக் கூடாது. தாமிரம் கலந்த பூசண மருந்து மீன்களையும் கொல்லும். இலை கண்ணாடி போலாகிக் குழைந்து கருகினால் மட்டும் அது அழுகல். அத்தகைய இலைகளையும் கருத்து மென்மையான தண்டுப் பகுதியையும் வெட்டி நீக்க வேண்டும்.

இரகம் கலவாமல் பெருக்குதல்

மட்டத்தண்டைச் சில இலைகளுடன் துண்டுகளாக வெட்டிப் பெருக்கலாம். முதிர்ந்த இலைகளிலும் வேருடன் கன்றுகள் தோன்றும். இக்கன்றுகள் கழன்று மிதந்து செல்பவை. ஒரே தொட்டியில் இரு இரகங்களை வளர்த்தால் கலப்பு ஏற்படுவது இவ்வாறே. ஆகவே இரகத்திற்கு ஒரு தொட்டி ஒதுக்கி, பெயர்ச்சீட்டுக் கட்ட வேண்டும். மிதக்கும் கன்றுகளை அவ்வப்போது சேகரித்து, அந்தந்த இரகத் தொட்டியிலேயே வளர்க்க வேண்டும். எந்தத் தொட்டியுடையது எனத் தெரியாத கன்றை, இலை முதிர்ந்து அடையாளம் தெரியும்வரை விற்கக் கூடாது.

இது மெதுவாக வளரும் செடி. தவறான தாய்ச்செடியைப் பெருக்கினால் பல மாத உழைப்பு வீணாகும். தொடக்கத்தில் ஓரிரு இரகங்களை மட்டும் சிறிய அளவில் வளர்த்து, வாங்குவோரின் தேவையைக் கேட்டறிந்த பின் தொட்டிகளைப் பெருக்குவதே சிறு விவசாயிகளுக்கு நலம் பயக்கும்.