கண்ணுக்கும் உரிமை உண்டு

இரவெல்லாம் நின்று வணங்கிய அப்துல்லாஹ் பின் அம்ர் (ரழி) அவர்களிடம், உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் உம்மீது உரிமை உண்டென நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். கண்ணின் உரிமை நித்திரையாகும். மாதவிடாய் நிற்கும் பருவத்தை, பெரும்பாலும் 45க்கும் 55க்கும் இடைப்பட்ட வயதில், அடையும் நம் தாய்மார் பலருக்கு இவ்வுரிமை கிட்டுவதில்லை.

நள்ளிரவில் திடீரென நெஞ்சிலும் முகத்திலும் சூடு பரவி, வியர்வையில் உடுப்பு நனைகின்றது. சில நிமிடங்களில் அது தணிந்தாலும் கலைந்த நித்திரை திரும்புவதில்லை. பகலில் களைப்பு, மறதி, சினம். "உம்மாவுக்கு எதற்கெடுத்தாலும் கோபம்" என்கின்றனர் பிள்ளைகள். தமது ஈமான் குறைந்துவிட்டதோ எனத் தாயும் அஞ்சுகின்றார். சகோதரிகளே, இது குணக்கேடுமல்ல, ஈமானின் குறைவுமல்ல. ஈஸ்ட்ரஜன் ஹோர்மோன் குறைவதால், உடல் வெப்பத்தைச் சீர்செய்யும் மூளைப்பகுதி சிறு சூட்டுக்கும் வியர்வையைத் தூண்டிவிடுகின்றது.

பிற்பகலுக்குப் பின் தேநீர், கோப்பியைத் தவிருங்கள். இரவுணவை நேரத்தோடு, காரம் குறைத்து உண்ணுங்கள். மெல்லிய பருத்தி உடையும் காற்றோட்டமான அறையும் உதவும். இஷாவுக்குப் பின் வீண்பேச்சில் ஈடுபடுவதை நபியவர்கள் விரும்பவில்லை. இன்று கைத்தொலைபேசியும் அவ்வாறே. பகல் தூக்கம் அரை மணித்தியாலத்தைத் தாண்ட வேண்டாம். இரவில் விழித்தால் புரண்டுகொண்டிராமல் எழுந்து, வுழூச் செய்து இரண்டு ரக்அத் தொழுங்கள். கண் சொருகினால் உறங்கிவிடுங்கள். தொழுகையில் தூக்கம் மிகைத்தால் உறங்கிக்கொள்ளுமாறு பணித்தவர்களும் நபியவர்களே.

இவற்றாலும் குணமாகாவிடில் வெட்கப்படாமல் வைத்தியரை நாடுங்கள். ஹோர்மோன் சிகிச்சை பலருக்குப் பயனளிக்கும். ஆயினும் மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டு ஏற்பட்டவர்களுக்கு அது பொதுவாகப் பொருந்தாது. நித்திரை மாத்திரையைத் தாமாக வாங்கிப் பாவிக்கலாகாது. உரத்த குறட்டையுடன் மூச்சுத் தடைப்படுதல், மாதவிடாய் நின்று 12 மாதங்களின் பின் மீண்டும் இரத்தம் படுதல் ஆகியவற்றைத் தாமதமின்றிக் காட்ட வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளில் 35 வயதைக் கடந்தோருக்கு 1996 முதல் நடைபெறும் சுகவனிதையர் கிளினிக்கிலும் ஆலோசனை பெறலாம்.

கணவர்மாரே, உறங்காத இரவின் மறுநாள் காலைத் தேநீரை நீங்களே ஊற்றினால் என்ன? வீட்டு வேலைகளில் குடும்பத்தாருக்கு உதவியவர்களல்லவா நம் நபியவர்கள்! ஆயுள் முழுதும் நம் நித்திரைக்காக விழித்திருந்த தாய்மாருக்கு அல்லாஹ் நிம்மதியான உறக்கத்தை அருள்வானாக. ஆமீன்.