உயிலுக்குள் கிடந்த தாய்வழி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1790 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்பட்டுவரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பே பத்தொன்பதாம் நூற்றாண்டு முன்னோரைத் தேடுவோர் முதலில் புரட்டும் ஆவணம் என்றாலும், 1840 வரை அதில் குடும்பத் தலைவரின் பெயரைத் தவிர வேறு பெயர் கிடையாது. 1850இல் வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பெயரும் எழுதப்பட்டபோதும் அந்த ஏற்பாடு சுதந்திர மனிதர்களோடு நின்றுவிட்டது. அடிமைகள் தனி அட்டவணையில், உடைமையாளரின் பெயருக்குக் கீழே, வயது, பால், நிறம் என்ற குறிப்புகளாக மட்டுமே இடம்பெற்றனர். அவர்கள் எல்லோரும் பெயரோடு பதிவானது 1870இல்தான் என்பதால், கறுப்பினக் குடும்பங்களின் கொடிவழியைத் தேடுவோர் அந்த ஆண்டை ஒரு சுவர் என்றே அழைக்கின்றனர். அச்சுவருக்கு அப்பால் தேடவேண்டியது முன்னோரின் பெயரையன்று, அவரைச் சொத்தாக வைத்திருந்தவரின் பெயரை. அவருடைய உயிலிலும் கணக்கேட்டிலும், கால்நடைகளுக்கும் தட்டுமுட்டுப் பொருள்களுக்கும் இடையே, முன்னோர் அகப்படக்கூடும்.

அடிமைத்தளையிலிருந்து 1849இல் தப்பி, பின்னர் எழுபது பேரளவில் மீட்டுவந்த ஹாரியட் டப்மனின் குடும்பம் இதற்குத் தக்க சான்று. மேரிலாந்து மாநிலத்தின் டார்செஸ்டர் மாவட்டத்தைச் சேர்ந்த ஆத்தோ பேட்டிசன் என்பவர், டப்மனின் தாயான ரிட்டைத் தம் பேத்தி மேரிக்கு உயிலில் எழுதிவைத்தபோது, ரிட்டும் அவளுக்குப் பிறக்கும் பிள்ளைகளும் 45 வயதுவரை மட்டுமே ஊழியம் செய்யவேண்டும் என்று வரையறுத்திருந்தார். வாரிசுகள் அந்த வரையறையைப் பொருட்படுத்தவில்லை. டப்மனின் சகோதரியர் மூவர் விற்கப்பட்டனர். எழுத்தறியாத டப்மன் 1840களில் ஒரு வழக்கறிஞருக்கு 5 டாலர் கொடுத்துத் தாயின் சட்டநிலையை ஆராயச் சொன்ன பிறகே உயிலின் இந்த ஏற்பாடு அவருக்குத் தெரியவந்தது. பிற்கால வரலாற்றாய்வாளர்கள் சென்ற வழியில் அவர்களுக்கு முன்பே, அடிமையாக இருந்தபடியே சென்றவர் டப்மன் என்பது எளிதில் கடந்துபோகத்தக்க செய்தியன்று. உண்மை தெரிந்ததே தவிர, நீதிமன்றத்தில் அதைக் கேட்டுப்பெறும் வழி அவருக்கு இருக்கவில்லை.

பிறந்த ஆண்டின் கதையும் இதைப் போன்றதே. இறப்புச் சான்றிதழ் 1815 என்றும் கல்லறைக்கல் 1820 என்றும் கூற, ரிட்டின் பேறுகாலத்துக்காக மருத்துவச்சிக்குப் பணம் கொடுத்ததாக 1822 மார்ச்சில் எழுதப்பட்ட கணக்குக் குறிப்பு இரண்டையும் தள்ளிவைக்கச் செய்கிறது. தப்பிச்சென்ற 'மின்டி'யைப் பிடித்துத் தருவோருக்குப் பரிசு அறிவித்த 1849ஆம் ஆண்டு விளம்பரம், அவருக்கு ஏறத்தாழ 27 வயது என்று கூறுவதும் இதனோடு பொருந்துகிறது. மின்டி என்பது அவருடைய இயற்பெயரான அராமின்டாவின் சுருக்கம். ஹாரியட் என்பது தாயின் பெயரைத் தாமே சூடிக்கொண்டது. டப்மன் என்பது முதற்கணவர் வழி வந்தது. ஒரே பெண்ணுக்கு இத்தனை பெயர் என்றால், பெயரை மட்டும் கொண்டு தேடுபவர் எத்தனை முறை வழிதவறக்கூடும் என்பது சொல்லாமலே விளங்கும்.

அரசு ஆவணங்களில் மிகச் செறிவானது உள்நாட்டுப் போர் (1861–1865) வீரர்களின் ஓய்வூதியக் கோப்பு; கைம்பெண் ஒருத்தி தன் மணவாழ்வை மெய்ப்பிக்க வேண்டியிருந்ததால், உற்றார் அயலாரின் பிரமாண வாக்குமூலங்கள் அதில் திரண்டுள்ளன. டப்மனின் இரண்டாம் கணவர் நெல்சன் டேவிஸ் படையில் நெல்சன் சார்லஸ் என்ற பெயரில் பணியாற்றியவர். இருவரும் ஒருவரே என்பதையும் நிறுவவேண்டியிருந்ததால், அவர் 1888இல் இறந்தபின் டப்மன் கேட்ட ஓய்வூதியம், மாதம் 8 டாலராக, 1895இல்தான் கிடைத்தது. இன்று ஆய்வாளருக்கு வாய்த்திருக்கும் விரிவான சான்றுகள் அந்த அலைக்கழிப்பின் விளைபொருள்கள்.

தந்தை பென் ராஸின் தடயம் காகிதத்தோடு நிற்கவில்லை. பென்னுக்கு விடுதலையும் பத்து ஏக்கர் நிலத்தின் பயன்பாடும் அளித்த ஆண்டனி தாம்ப்சனின் உயிலைத் துணையாகக் கொண்டு, மேரிலாந்துத் தொல்லியலாளர்கள் பிளாக்வாட்டர் சதுப்புநிலக் காப்பகத்தில் அகழ்ந்து, பென்னின் குடில் இருந்த இடத்தைக் கண்டறிந்ததாக 2021இல் அறிவித்தனர். அத்தேடலில் கிடைத்தவற்றுள் 1808ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட நாணயமும் ஒன்று.