அறுவை மருத்துவ உறைவிடப் பயிற்சிச் சேர்க்கையில் ஆய்வு வெளியீடுகள்: எண்ணிக்கையின் பொருளும் வரம்பும்

முன்னுரை

அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்றோர் அறுவை மருத்துவராவதற்கு உறைவிடப் பயிற்சி இன்றியமையாதது. இதற்கான இடங்களுள் மிகப் பெரும்பாலானவை, 1952இல் தொடங்கப்பெற்ற தேசியப் பொருத்தத் திட்டத்தின் வழி நிரப்பப்படுகின்றன. மாணவரும் பயிற்சி நிறுவனமும் தத்தம் விருப்ப வரிசையை அளிக்க, கணினி நெறிமுறை அவற்றைப் பொருத்துகிறது. இப்போட்டியில் மாணவரின் ஆய்வு வெளியீடுகள் பெறும் இடத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

மதிப்பெண்ணும் ஆய்வும்

மருத்துவ உரிமத் தேர்வின் முதற்படிக்கு முன்னர் மூன்றிலக்க மதிப்பெண் வழங்கப்பட்டது. விண்ணப்பங்களை வடிகட்டவும் அது பயன்பட்டது. 2022 சனவரி 26 முதல் எழுதப்படும் தேர்வுகளுக்குத் தேர்ச்சி அல்லது தோல்வி என்ற முடிவு மட்டுமே அறிவிக்கப்படுகிறது. எனவே இரண்டாம்படி மதிப்பெண், பரிந்துரைக் கடிதம் ஆகியவற்றுடன் ஆய்வுப் பணியும் கூடுதல் கவனம் பெறுகிறது. நரம்பியல் அறுவை மருத்துவம் போன்ற ஏழாண்டுப் பயிற்சிகளில் ஆய்வும் ஒரு கூறாதலின், இவ்வெதிர்பார்ப்பு பொருளற்றதன்று.

எண்ணிக்கையின் பொருள்

பொருத்தத் திட்டத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையின்படி, இடம்பெற்ற அமெரிக்க எம்.டி. இறுதியாண்டு மாணவரின் சராசரி, பிளாஸ்டிக் அறுவை மருத்துவத்தில் 28.4, நரம்பியல் அறுவை மருத்துவத்தில் 25.5. இவை வெளிவந்த கட்டுரைகளை மட்டும் குறிப்பன அல்ல. ஆய்வுச் சுருக்கம், கருத்தரங்க அளிக்கை, கட்டுரை ஆகிய மூன்றின் கூட்டுத்தொகையே இச்சராசரி. ஒரே ஆய்வு சுருக்கமாகவும் சுவரொட்டி அளிக்கையாகவும் கட்டுரையாகவும் வெளிப்படின், மூன்றாக எண்ணப்படும். மாணவரின் பங்கு எத்தகையது, ஆய்வு வினா எவ்வளவு ஆழமானது என்பவற்றை இவ்வெண் உணர்த்தாது. மிகப்பல வெளியீடுகளைக் கொண்ட சிலர் சராசரியை உயர்த்தவும் கூடும்.

வாய்ப்பும் ஏற்றத்தாழ்வும்

இக்கூட்டுத்தொகையைக் கட்டுரைகளின் எண்ணிக்கையாகப் பிழைபடக் கொள்ளும் மாணவர், எட்டவியலாத இலக்கைத் தமக்கு வகுத்துக்கொள்கின்றனர். ஆய்வுக்கெனப் படிப்பை ஓராண்டு நிறுத்துவோரும் உளர். ஊதியமின்றி அவ்வாண்டைக் கழிக்க வசதியற்றோரும், தம் கல்லூரியில் அத்துறைப் பயிற்சித் திட்டம் இல்லாதோரும் பின்தங்க நேர்கிறது. அந்நிலையில் எண்ணிக்கை, திறனைக் காட்டிலும் வாய்ப்பையே அளக்கிறது எனலாம்.

முடிவுரை

வெளியீடுகளின் எண்ணிக்கை ஆய்வு முயற்சிக்கு ஓர் அடையாளமேயன்றி, அதன் தரத்திற்குச் சான்றாகாது. செய்த ஆய்வின் வினா, முறை, குறைபாடு ஆகியவற்றை மாணவர் நேர்காணலில் தெளிவுற விளக்கும்போதே அதன் தரம் புலப்படும். ஆதலின் தேர்வாளர் எண்ணிக்கையோடு நில்லாது, மாணவர் ஆற்றிய பங்கையும் அவருக்குக் கிட்டிய வாய்ப்பையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.