நாலேகால் போலீஸ்!

சாயங்காலம் ஏழு மணிக்கு தர்மபுரி நாலு ரோட்டில் நின்று, போகிறவரை நிறுத்தி, "உங்க ஏரியாவுல என்ன சார் பிரச்னை?" என்று கேட்டுப் பாருங்கள். தண்ணி, ரோடு இரண்டையும் முடித்துவிட்டு மூன்றாவதாக நம்ம சப்ஜெக்ட்டுக்கு வருவார். "காலி மனையில உக்காந்து குடிச்சிட்டுக் கத்தறானுங்க. கேட்டா அடிக்க வரானுங்க. போலீஸ் எட்டிக்கூடப் பாக்கறதில்ல."

சேலம் ரோடு, பென்னாகரம் ரோடு என்று ஊர் நீண்டுகொண்டே போகிறது. நேற்றுவரை ராகி விளைந்த நிலத்தில் கல் நட்டு, முகப்பில் ஒரு ஆர்ச் வைத்து, ஏதாவது ஒரு 'நகர்' என்று எழுதினால் புறநகர் ரெடி. இருபது வீடு, எண்பது காலி மனை. டாஸ்மாக் கடை ராத்திரி பத்து மணிக்கு ஷட்டரை இறக்கும். அதற்கப்புறம் அந்த எண்பது மனையும் திறந்தவெளி பார்! விடிந்தால் பிளாஸ்டிக் டம்ளர், ஊறுகாய்ப் பாக்கெட், கண்ணாடிச் சில்லு.

வெறும் குப்பை என்றால் விளக்குமாறு போதும். பெங்களூரில் வேலை பார்க்கிற பெண், சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வந்து பைபாஸில் இறங்குகிறாள். அங்கிருந்து வீட்டுக்கு ஐந்து நிமிட நடை. அதற்கு அப்பாவையோ அண்ணனையோ போன் போட்டு வரவழைக்க வேண்டியிருக்கிறதே, விஷயம் அதுதான்.

சரி, ஸ்டேஷனுக்கு போன் போடலாம். எந்த ஊராக இருந்தாலும் வசனம் ஒன்றுதான்.

"சார், இங்க நாலு பேர் கலாட்டா பண்றாங்க."

"பேர் சொல்லுங்க."

"அவங்க பேர் தெரியாதுங்க."

"உங்க பேர் சார்!"

டொக்! போனை வைத்தது போலீஸ் இல்லை, நாம்தான்.

அந்தக் கதை அப்புறம். 'ஆள் பத்தலை' என்று போலீஸ் தரப்பில் சொன்னால் நாம் சிரிக்கிறோம் இல்லையா? பி.காம். படித்த பாவத்துக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஒரே ஒரு இடம். அங்கே வருஷம் முழுக்க, ராப்பகலாக, ஒரே ஒரு போலீஸ்காரர் நிற்கணும். மொத்தம் 8,760 மணி நேரம். ஒருத்தர் தினம் 8 மணி நேரம் வேலை பார்க்கிறார். வார லீவு 52 நாள் போச்சு. மற்ற லீவு, கோர்ட் சாட்சி, டிரெயினிங், காய்ச்சல், தலைவலி எல்லாம் சேர்த்து ஒரு 60 நாள் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 253 நாள். அதாவது 2,024 மணி நேரம். வகுத்தால் வருவது நாலேகாலுக்குக் கொஞ்சம் மேலே! தெருவில் ஒரு தொப்பி எப்போதும் தெரியணும் என்றால் சம்பளப் பட்டியலில் நாலேகால் தொப்பி இருக்கணும். ரோந்துக்கு ஜோடியாகப் போனால் எட்டரைக்கு மேல். ஸ்டேஷன் வாசல் பாராவுக்கு இன்னொரு நாலேகால். ரைட்டர், கோர்ட் டூட்டி ஏட்டு, சம்மன் கொடுக்கப் போகிறவர் எல்லாம் தனி.

நடுவில் பந்தோபஸ்து வேறு. ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல். தைப்பூசத்துக்குக் குமாரசாமிப்பேட்டைத் தேர் (பெண்கள் வடம் பிடிக்கிற தேர், கூட்டத்துக்குக் கேட்கணுமா!). தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் அங்கே ஓடணும். மந்திரி வந்தால் ரோட்டோரம் வரிசையாக நிற்கணும். அன்றைக்கெல்லாம் நம்ம நகருக்கு ரோந்து வருமா?

பிறகு எப்படித்தான் வண்டி ஓடுகிறது? ஒருத்தரையே இரண்டு பேராக வேலை வாங்கித்தான். போலீஸ் ஆராய்ச்சி மேம்பாட்டுப் பணியகத்துக்காக எடுத்த நாடு தழுவிய ஆய்வு 2014-ல் வெளியானது. ஸ்டேஷன் ஆட்களில் பத்துக்கு ஒன்பது பேர் 8 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கிறார்கள் என்றது. மாதம் ஒரு வார லீவுகூட எங்க ஆட்களுக்குக் கிடைப்பதில்லை என்று ஸ்டேஷன் பொறுப்பாளர்களில் முக்கால்வாசிப் பேர் சொன்னார்கள். தமிழ்நாட்டில் காவலருக்கும் ஏட்டுக்கும் வாரம் ஒருநாள் ஓய்வு என்று அரசாணை வந்ததே 2021-ல்தான். பதினாலு மணி நேரம் நின்ற மனுஷன் ராத்திரி பதினொரு மணிக்கு நம்ம புகாரைக் கேட்டு மலர்ந்த முகத்தோடு வரணும் என்றால் கொஞ்சம் ஓவர்.

இருக்கிற ஆளாவது ஸ்டேஷனில் இருந்தாரா? அதிகாரிகள் வீட்டில் எடுபிடி வேலை பார்க்கிற ஆர்டர்லி முறையை 1979-லேயே ஒழித்து உத்தரவு போட்டாகிவிட்டது. 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், நாலு மாதத்துக்குள் ஒழியுங்கள் என்று மறுபடி சொல்ல வேண்டியிருந்தது! இந்த மாதிரிச் செலவை பேலன்ஸ் ஷீட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

'ஆள் இல்லையா, பொதுஜனத்தைச் சேர்த்துக்கொள்வோம்' என்றும் செய்து பார்த்தார்கள். 1993-ல் ராமநாதபுரம் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் ஆரம்பித்த 'ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' தமிழ்நாடு முழுக்கப் பரவியது. நல்ல யோசனைதான். ஆனால் 2020 ஜூனில் சாத்தான்குளம் போலீஸ் பிடித்துக்கொண்டு போன அப்பாவும் மகனும் இறந்தபோது, இந்த நண்பர்களுக்கும் அதில் பங்கு என்று புகார் கிளம்பியது. அமைப்பு மறுத்தது. அடுத்த மாதமே அரசு தடை போட்டது. சட்டமும் பயிற்சியும் பொறுப்பும் இல்லாத கையில் லத்தியின் நிழல்கூட விழக் கூடாது என்பது என் கட்சி.

அப்படியானால் ஜீப்பை இன்னும் நாலு ரவுண்டு விடச் சொல்லலாமா? அமெரிக்காவில் கான்சாஸ் நகரத்தில் 1972-73-ல் அதைச் சோதித்தார்கள். சில பகுதிகளில் ரோந்துக் காரை நிறுத்தினார்கள், சில பகுதிகளில் இரண்டு மூன்று மடங்காக்கினார்கள். குற்றத்தில் சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசமே இல்லை. ஜனங்களுக்கு மாற்றமே தெரியவில்லை! நியூவார்க்கில் போலீஸை நடக்கவிட்டார்கள். அங்கேயும் குற்றம் குறையவில்லை. ஆனால் ஜனங்களின் பயம் குறைந்தது. நடக்கிற போலீஸ்காரருக்குத் தெருவில் யார் யார் என்று தெரிந்திருந்தது. குடிகாரனா, படிக்கட்டில் உட்காரலாம், படுக்கக் கூடாது. மெயின் சந்திப்பில் பாட்டிலைத் திறக்கக் கூடாது. எழுதாத சட்டம், எல்லாருக்கும் தெரிந்த சட்டம்.

நம்ம ஊருக்கு வேண்டியது இதுதான். ஏனென்றால் கல்வெர்ட்டில் உட்கார்ந்திருக்கிற ஆறு பேரில் ஐந்து பேர் உங்களையும் என்னையும் மாதிரி. ஆபீஸ் முடிந்து, மேனேஜரைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள். ஆறாவது ஆள்தான் போகிற பெண்ணைப் பார்த்துப் பாட்டுப் பாடுகிறவன். முகம் தெரியாத ஜீப்புக்கு ஆறு பேரும் ஒன்றுதான். ஒன்று, கண்டுகொள்ளாமல் போகும். இல்லை, ஆறு பேரையும் அள்ளிக்கொண்டுபோய் 75-வது பிரிவில் ஒரு பெட்டி கேஸ்! அந்த ஏட்டு வாரம் நாலு நாள் நடந்து வருகிறவராக இருந்தால் ஆறாவது ஆளின் தோளில் மட்டும் கை விழும். அடங்காதவனை ஆர்.டி.ஓ. முன்னால் நிறுத்தி நன்னடத்தை பாண்டு வாங்கச் சட்டம் இருக்கிறது. பழைய 107, 110. 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் 126, 129.

இப்போது என் கணக்கின் இரண்டாம் பாகம். 24 மணி நேரமும் நமக்கு யார் கேட்டார்கள்? கடை மூடுகிற நேரம், ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை. இரண்டு பேர், அதே இரண்டு முகம், பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடாமல், நகரை நடந்து சுற்றணும். தினம் 4 மணி நேரம், வருஷத்துக்கு 1,460. ஒருத்தரின் 2,024-ல் முக்கால் பங்குகூட வரவில்லை. நாலேகால் வேண்டாம் சார், முக்கால் போலீஸ் போதும்!

நகர்வாசிகள் சேர்ந்து எஸ்.பி. ஆபீஸில் ஒரு மனு கொடுத்துப் பார்க்கலாம். என்ன, அடியில் கையெழுத்துப் போட்டு நம்ம பேரை எழுத வேண்டியிருக்கும்.